ஜீரோ சாரின் இருமல்

உலகத்தில் யாரையுமே நம்பாத மனிதர் எங்கள் ஜீரோ சார். தன்னையும் சேர்த்துத்தான்.

சிறுசேரி ஐடி கம்பெனிகளுக்கு வண்டி விடும் டிப்போவில் நான் கிளார்க். டிரைவர்கள் ஊதிக் காட்டும் குடிசோதனை மெஷின் அவர் பொறுப்பு. காலையில் முதலில் அவர்தான் ஊதுவார். ஜீரோ வந்தால்தான் மற்றவர்கள் ஊதலாம். அந்த ஜீரோ கெட்டுவிடும் என்று இருமல் மருந்தைக்கூடத் தொடமாட்டார். அதில் ஆல்கஹால் இருக்கிறதாம். மழைக்காலம் முழுக்க லொக்கு லொக்கென்று இருமி எங்கள் உயிரை வாங்குவார்.

ஒருமுறை எல்லோரும் மாமல்லபுரம் போனோம். "காத்து பிரமாதம் சார்" என்றேன்.

"எதோட ஒப்பிட்டு?" என்றார். நான் சுண்டல் வாங்கப் போய்விட்டேன்.

ஒருநாள் காலை மற்ற எல்லா டிரைவர்களும் ஊதிவிட்டு வண்டி எடுத்தாயிற்று. கடைசியாக ஸ்டீபன் ஊதினான். சிவப்பு விளக்கு.

"வேலையை விட்டுக் கிளம்பு" என்றார் மேனேஜர்.

"மாதா சத்தியமா குடிக்கல சார்! வூட்ல ரெண்டு புள்ளைங்க கீது. வேல பூட்சுன்னா இன்னா சார் பண்ணுவேன்?"

ஜீரோ சார் மெஷினை வாங்கித் தானே ஊதினார். அவருக்கும் சிவப்பு. ஒர்க்ஷாப் பக்கமிருந்து விசில் பறந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டீங்களா?" என்றார் மேனேஜர்.

நான் கத்தினேன்: "சார், மெஷின்தான் தப்பு! சொல்லித் தொலைங்க!"

"நான் குடிக்கலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் நிதானமாக. ஸ்டீபன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். அடப்பாவி மனுஷா என்று நானும் முணுமுணுத்தேன்.

மேனேஜர் சாயந்திரம் வரை டைம் கொடுத்தார். ஜீரோ சார் மெஷினைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, வண்டலூரில் மின்சார ரயில் பிடித்துச் செங்கல்பட்டு போனார். அங்கே ஒரு லேபில், ஆல்கஹால் எவ்வளவு என்று துல்லியமாக அளந்து கலந்த வாயு சிலிண்டரில் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

சாயந்திரம் இருமிக்கொண்டே திரும்பி வந்தார்.

"சுத்தமான காத்தை விட்டேன். அதுவும் குடிச்சிருக்காம். சிலிண்டர் வாயுவுக்கும் கூட்டித்தான் காட்டுது. சென்சார் போயிடுச்சு. ஸ்டீபனுக்கு வண்டிச் சாவியைக் குடுங்க."

ஸ்டீபன் அழுதேவிட்டான். "என்னிய நம்பினியே சார்!"

"நம்பலையே. அதனாலதானே போனேன்."

இப்போது வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார். அங்கே எந்த மெஷினுக்காக மருந்து குடிக்காமல் இருமிக்கொண்டிருக்கிறாரோ, மகராசன் நன்றாக இருக்கட்டும்.