நான்காம் எண் அறையில் ஜெர்மனி

மனித குலம் இதுவரை மூன்று முறைதான் உருப்படியாக முன்னேறியிருக்கிறது. நெருப்பை மூட்டக் கற்றுக்கொண்டபோது ஒரு முறை. சக்கரத்தை உருட்டியபோது ஒரு முறை. மூன்றாவது, செவிலியர் பயிற்சிக் கல்லூரியின் நான்காம் எண் அறையில் கிடந்த உடைந்த கட்டில்களை வெளியே போட்டுவிட்டு, அங்கே ஜெர்மனியைக் கொண்டுவந்து வைத்தபோது.

கொண்டுவந்தவர் கல்லூரி முதல்வர். அவருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. அந்த நாட்டுக்குப் போனதும் இல்லை. அதனால்தான் அந்த நாட்டைப் பற்றி அவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை. கல்லூரியில் படித்து முடித்தவர்கள் ஜெர்மனியின் முதியோர் இல்லங்களுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். போகிறவர்களுக்கு அங்கத்திய பழக்கவழக்கம் தெரிய வேண்டாமா? முன்பு இதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியை இருந்தார். பல வருடம் அங்கேயே வாழ்ந்தவர். ஜெர்மானியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டால், "ஆளுக்கு ஆள் மாறும்ப்பா" என்பார். இவ்வளவு தெளிவில்லாத ஒருவரை வைத்துக்கொண்டு எப்படிக் கல்லூரி நடத்துவது? அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, 'நவீன ஜெர்மானியப் பண்பாட்டு மெய்நிகர் வள மையம்' திறக்கப்பட்டது.

ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் ஜெர்மனி, கழற்றினால் நான்காம் எண் அறை. உள்ளே ஒரு ரொட்டிக் கடை, ஒரு ரயில் நிலையம், ஒரு சாலை, ஒரு முதியோர் இல்லம். பொம்மை மனிதர்கள் வந்து பேசுவார்கள். அவர்கள் பேசி முடித்ததும் மேல் மூலையில் ஒரு பச்சை விளக்கு எரியும். அப்போதுதான் மாணவர் வாய் திறக்கலாம். அதற்கு முன் திறந்தால் மதிப்பெண் போய்விடும். ஜெர்மானியர்கள் குறுக்கே பேசமாட்டார்கள் என்று கருவியோடு வந்த கையேட்டில் போட்டிருந்தது. அச்சில் வந்த பிறகு அதற்கு மேல் என்ன விசாரணை?

இத்தனை பெரிய மனிதருக்கு வீட்டில் ஒரு தலைவலி இருந்தது. அவருடைய அக்கா மகள். முதல்வரின் மனைவி காலமான பிறகு, தம்பிக்குத் துணையாகவும் இருக்கும், படித்த மாதிரியும் இருக்கும் என்று அக்கா அவளை அனுப்பி வைத்திருந்தாள். வீட்டிலும் கல்லூரியிலும் அவளுக்கு ஒரே பெயர், வாயாடி. பல் தேய்க்கும்போதுகூடப் பேசுவாள்.

"சாப்பிடும்போதாவது வாயை மூடேன்" என்பார் முதல்வர்.

"வாயை மூடிக்கிட்டு எப்படி மாமா சாப்பிடறது?"

அவர் முறைப்பார். ஆனால் அவள் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போன நாட்களில், டி.வி.யைச் சத்தமாக வைத்துக்கொண்டுதான் அவருக்குச் சோறு இறங்கும்.

வாயாடிக்கு ஜெர்மனிக்குப் போயே ஆக வேண்டும். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஆசிரியையிடம் போய்ப் பேசிப் பேசியே மொழியைப் பிடித்துவிட்டிருந்தாள். ஆனால் நான்காம் எண் அறையில் மட்டும் தேறவே மாட்டேனென்றாள்.

"இந்தத் தடவையும் ஃபெயிலா?"

"மாமா, அந்த இல்லத்துல ஒரு தாத்தா 'எனக்குத் தூக்கமே வரலை'ன்னு அழுதாரு. ஏன் தாத்தான்னு கேட்டேன். மார்க் போச்சு."

"பச்சை விளக்கு எரிஞ்சுதா?"

"அழுதுக்கிட்டிருக்கிறாரு மாமா! விளக்கு எரியுதான்னு யாராவது பாப்பாங்களா?"

"பாக்கணும். அதுதான் பண்பாடு. அப்புறம், காலேஜ்ல என்னை மாமான்னு கூப்பிடாதே."

அதே வகுப்பில் ஒரு பையன் இருந்தான். எப்போதும் நூற்றுக்கு நூறு. விளக்கு எரியாமல் ஒரு சொல்கூடப் பேசியதில்லை, வெளியிலும்தான். மாணவர்கள் அவனைப் 'பச்சை விளக்கு' என்றே அழைத்தார்கள். கல்லூரிச் சுவரில் மாட்டியிருந்த ஒரே புகைப்படம் அவனுடையது.

இந்த நிலையில் ஒருநாள் அசல் ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் மேலாளர். தங்கள் இல்லத்துக்கு ஒரு மாணவரைத் தேர்ந்தெடுத்துப் போக வந்திருந்தார். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தார். வாசலிலேயே சத்தமாகச் சிரித்தார். மையத்தைப் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஆசிரியர் முதல்வரின் காதருகே குனிந்தார்.

"சார், கையேட்டுல இப்படி இல்லையே."

முதல்வரும் கவனித்திருந்தார். ஆனாலும் விருந்தோம்பல் என்று ஒன்று இருக்கிறது. மாணவர்களை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஜெர்மனியைப் பாருங்கள் என்று விருந்தினரை நான்காம் எண் அறைக்கு அழைத்துப்போய் ஹெட்செட்டை மாட்டிவிட்டார். அந்த அம்மாள் உள்ளே செய்வதெல்லாம் பெரிய திரையில் எல்லோருக்கும் தெரிந்தது.

என்னவென்று சொல்வது! ரொட்டிக் கடையில் கடைக்காரப் பொம்மை பேசிக்கொண்டிருக்கும்போதே, முதுகுவலி தேவலையா என்று குறுக்கே விசாரித்தார். மதிப்பெண் போயிற்று. வண்டியே இல்லாத சாலையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கில் நடந்தார். போயிற்று. ரயில் சொன்ன நேரத்துக்கு வந்து நின்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்னவாம்?" என்றார் முதல்வர்.

வாயாடிதான் மொழிபெயர்ப்பு. "'எங்க ரயில் ஒருநாள் இப்படி வந்துச்சுன்னா, ஊரே அதிர்ச்சில படுத்துடும்'னு சொல்றாங்க சார்."

இறுதியில் திரையில் முடிவு வந்தது. நவீன ஜெர்மானியப் பண்பாடு: முப்பத்தொன்று. தேர்ச்சி இல்லை.

முதல்வரின் முகத்தில் ஈயாடவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர் விருந்தினர் மட்டும்தான்.

பிறகு நேர்காணல். முதலில் பச்சை விளக்கு. உன்னைப் பற்றிச் சொல்லு என்றார் விருந்தினர். பையன் நிமிர்ந்து கூரையின் மூலையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். விருந்தினரும் கூரையைப் பார்த்தார். பல்லி ஏதாவது இருக்கிறதோ என்று கம்ப்யூட்டர் ஆசிரியரும் பார்த்தார். நேர்காணல் அத்துடன் நிறைவுற்றது.

வாயாடியோடு விருந்தினர் அறையில்கூட உட்காரவில்லை. இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் கேட்டது, யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. எழுந்தபோது விருந்தினரின் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதை வாயாடி மூச்சு வாங்கச் சொன்னாள்.

"மாமா, நான்தானாம்! அவங்க இல்லத்துல மருந்து, மெஷின் எல்லாம் இருக்காம். பேசத்தான் ஆளில்லையாம். வயசானவங்க நாள் முழுக்க ஜன்னலைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காங்களாம். கல்லூரி ஒரு கையெழுத்துப் போட்டா போதுமாம்!"

கல்லூரி அவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போட்டுவிடுமா? உடனே குழு கூடியது. பொருள்: 'விருந்தினரின் தகுதி'.

"முப்பத்தொண்ணு வாங்கினவங்க, நூறு வாங்கினவனை வேண்டாம்னு சொல்லலாமா சார்?" என்றார் கம்ப்யூட்டர் ஆசிரியர். "அப்புறம் நம்ம மையத்துக்கு என்ன மரியாதை?"

முதல்வர் யோசித்தார். கதவின் கண்ணாடி வழியே அக்கா மகளின் முகம் தெரிந்தது. அவர் மனம் இளகத்தான் செய்தது. ஆனால் பெரிய மனிதர்கள் அந்த நேரத்தில்தான் சுதாரித்துக்கொள்வார்கள். மாமாவாக இருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன், இங்கே முதல்வராக உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தீர்மானத்தைப் படித்தார். விருந்தினர் 'உரிய பயிற்சி பெற்று' மறுதேர்வு எழுதிய பின், அவர் தேர்ந்தெடுத்த மாணவியை அனுப்புவது பற்றிப் பரிசீலிக்கப்படும்.

வாயாடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"மாமா, அவங்க அந்த நாட்டுலயே பொறந்தவங்க!"

"பொறந்தா போதுமா? பாஸ் பண்ண வேண்டாமா?"

விருந்தினர் இந்த முறை சிரிக்கவில்லை. வாயாடியைக் கட்டிப்பிடித்து ஏதோ சொல்லிவிட்டு, யாரையும் அழைத்துக்கொள்ளாமல் கிளம்பிப் போனார். என்ன சொன்னார் என்று முதல்வர் கேட்டார். அன்றைக்குத்தான் வாயாடி முதல்முறையாக மொழிபெயர்க்க மறுத்தாள். அழுதாள். கன்னம் நனைய நனைய, சத்தமே வராமல் அழுதாள்.

கண்டிப்பு வீண்போவதில்லை. மறுநாளிலிருந்து வாயாடி ஒவ்வொரு மாலையும் நான்காம் எண் அறைக்குப் போனாள். ரொட்டிக் கடைக்காரரை எதுவும் விசாரிக்கவில்லை. தாத்தா தூக்கம் வரவில்லை என்று அழுதார். விளக்கு எரியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பருவத் தேர்வில் நூற்றுக்கு நூறு. சுவரில் பச்சை விளக்கின் படத்துக்குப் பக்கத்தில் அவள் படத்தையும் மாட்டினார்கள். முதல்வரே ஆணி அடித்தார்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பெருமை தாளவில்லை.

"எல்லாரும் என்னம்மா சொன்னாங்க காலேஜ்ல?"

அவள் சுவரின் மூலையை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன்னைத்தாம்மா கேக்கறேன். உங்க அம்மாகிட்ட சொன்னியா?"

அவள் பார்வை மூலையிலேயே இருந்தது. அவரும் அண்ணாந்து பார்த்தார். அங்கே ஒட்டடை மட்டும்தான் இருந்தது. டி.வி.யைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். அப்படியும் சோறு இறங்கவில்லை.

"ஏதாவது பேசேன், வாயாடி" என்றார், கிட்டத்தட்டக் கெஞ்சலாக.

அவள் மிகுந்த பண்பாட்டோடு காத்திருந்தாள். முதல்வர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.