டார்ச் வெளிச்சத்தில் ஏலக்காய்

கம்பம்
12.8.2006

அன்புள்ள ரிஸ்வானா அக்காவுக்குத் தங்கை சமீனா எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஒரு கண்ணாடி டம்ளரைத் தவிர அனைவரும் நலம். உன் நலமும் உன் ஃப்ளோ சைட்டோமெட்ரி மிஷினின் நலமும் அறிய ஆவல்.

நேற்று உத்தமபாளையத்திலிருந்து மெகருன்னிசா மாமி தன் மகனுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்தார். நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு நிக்காஹ் வேண்டுமாம். நீ ஆராய்ச்சியைப் பாதியில் விட வேண்டுமாம். "அப்படி என்னதான்ண்ணே அந்தப் புள்ள மெட்ராஸ்ல செய்யுது?" என்று அத்தாவைக் கேட்டார். அத்தா என்னைப் பார்த்தார். நீ எழுதியிருந்தபடியே சொன்னேன்: தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வர வர விளைகிறது, விளைந்த செல்லில் மட்டும் ஒட்டும் ஒளிர்சாயத்தைப் போட்டு, நீரோட்டத்தில் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டால், எது இளசு, எது விளைந்தது என்று மிஷின் சொல்லிவிடும்.

"காய் தரம் பிரிக்கிறதுதானே? உங்க ஏலக்காக் கடையில வேல பாக்குற மாயக்கா டீ குடிச்சிக்கிட்டே பிரிப்பாளே."

எனக்குப் பொறுக்கவில்லை. ஏலத்தில் விற்க அத்தா இளசு, விளைந்தது என்று பிரித்து வைத்திருந்த இரண்டு சாக்கிலும் கைப்பிடி எடுத்து, விளைந்த காய்க்கு மட்டும் பசை தடவி ஜிகினாத் தூள் ஒட்டி, எல்லாவற்றையும் கலந்து பப்பாளி இலைத் தண்டுக்குள் தண்ணீரோடு விட்டேன். அம்மா டார்ச் பிடித்தார். இரண்டு காய் ஒழுங்காக வந்தன. மூன்றாவது அடைத்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து ஊத, அது மாமியின் டம்ளருக்குள் பாய, மாமி துள்ள, டம்ளர் உடைய, டீ அவருடைய வெள்ளைத் துப்பட்டியில் கொட்ட, அவர் எழுந்த வேகத்தில் சாக்குகள் சரிந்து இரண்டு தரமும் ஒன்றாகிவிட்டன.

"இதத்தான் அங்கன அவளும் செய்யிறாளாக்கும்" என்றார் மாமி.

அத்தா முகம் இறுகிவிட்டது. "படிச்ச வரைக்கும் போதும். அவள வரச் சொல்லி எழுது."

ஆகவே பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படு, அக்கா. வழியெல்லாம் இறைவன் உனக்குத் துணையிருப்பானாக.

தங்கை,
சமீனா

பின்குறிப்பு: வராதே. இதை எழுதி முடித்தபோது அத்தா தனியாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு காயைப் பிளந்தார். உள்ளே விதை வெளுத்திருந்தது. "கறுக்குமுன்ன பறிச்சிட்டாக. காய வச்சா இப்படித்தான் சுண்டிப்போகும்" என்றவர், அதைக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு மாமிக்குப் போன் போட்டு, "புள்ள படிச்சு முடிக்கட்டும் தங்கச்சி. அதுவரைக்கும் பொறுக்க முடியாட்டி வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: அந்தத் தோல் செல் அடியிலிருந்து மேலே வந்து விளைய எத்தனை நாளாகும்?

அவசரமில்லை என்றும் எழுதச் சொன்னார்.