சகலைக்குப் போகும் பரிவட்டம்

செஞ்சி
28-5-1986

நெய்வேலியில் குடியிருக்கும் மைத்துனர் திரு. தனசேகரன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் மூத்த அக்காள் மங்கையின் புருஷனும் சைக்கிள் கடை வைத்திருப்பவனுமாகிய பச்சமுத்து வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள், பிள்ளைகள், பதினோரு வாடகை சைக்கிள்கள் எல்லோரும் நலம். எட்டாம் நம்பர் சைக்கிளுக்கு மட்டும் பெல் அடிக்கவில்லை. நீயும் உன் சம்சாரமும் குழந்தைகளும் நன்றாக இருக்க நம் தெரு மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அம்மனிடம் எது கேட்பதானாலும் உன் சின்ன மாமா சுந்தரமூர்த்தியைக் கேட்டுவிட்டுத்தான் கேட்க வேண்டும் போலிருப்பதால் இன்றைக்கே வேண்டிவிட்டேன்.

மச்சான், வைகாசி இருபத்தைந்தில் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். திருப்பணிக் கமிட்டித் தலைவர் யாரோ அவர்தான் சம்சாரத்தோடு யாகசாலையில் உட்காருவார், அவர் தலையில்தான் குருக்கள் முதல் பரிவட்டம் கட்டுவார். இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கோயிலில் கற்பூரம் கொளுத்துகிறவன் நான். ஆடி மாசம் கூழ் அண்டாவைத் தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவன் நான். ஆனால் கமிட்டி கூடி ஒரே குரலில் தலைவராக்கியது யாரை என்கிறாய்? என் சகலையை. எனக்குப் பொறாமை என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள். மூன்றாம் வகுப்போடு நின்றவன், இதற்கு வேறு நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது.

நீ அப்போது டவுசர் போட்ட பையன், ஞாபகம் இருக்குமோ என்னவோ. அக்காள் தங்கை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே பந்தலில் கல்யாணம். இந்தப் பக்கம் ஐயர் மந்திரம் சொல்ல, ஓமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நான் மங்கைக்குத் தாலி கட்டினேன். அந்தப் பக்கம் கறுப்புச் சட்டை போட்ட சுந்தரமூர்த்தி, ஐயரும் வேண்டாம் தாலியும் வேண்டாம் என்று ரஞ்சிதத்துக்கு மாலை மட்டும் போட்டான். பேச்சாளர் ஒருவர் இரண்டு மணி நேரம் மைக்கில் பேசினார். ஊரே வாயைப் பிளந்துகொண்டு அந்தப் பக்கமே திரும்பி நின்றது. நான் மூன்றாம் முடிச்சுப் போட்டதைப் பார்த்தவர் ஐயர் ஒருவர்தான், அவரும் பாதிக் காதை அங்கேதான் வைத்திருந்தார். பிறகு அறுபத்தைந்தில் இந்திப் போராட்டம். தபாலாபீஸ் போர்டில் தார் பூசினவன் அவன், தார்ச் சட்டியைப் பிடித்தவன் நான். போலீஸ் வந்தது. அவனை வேனில் ஏற்றினார்கள். கான்ஸ்டபிள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ இன்னாய்யா நிக்கற? ஸ்டேஷன் சைக்கிளு பங்ச்சராயி நிக்குது, போயி அதப் பாரு" என்று அனுப்பிவிட்டார். அவன் பதினோரு நாள் ஜெயிலில் இருந்து மாலையும் மேளமுமாக ஊர்வலம் வந்தான். அந்த மேளக்காரர்கள் வந்த சைக்கிளுக்குக் காற்றடித்தது நான்.

அப்புறம் சிவப்புக் கொடி பிடித்தான். கடலை மண்டி வாசலில் நின்று, முதலாளி ஒழிக என்று தொண்டை கிழியக் கத்தினான். அந்த மண்டியிலேயே பங்குதாரர் ஆனதும், முதலாளியும் தொழிலாளியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று பேச ஆரம்பித்தான். அதற்கும் கை தட்டினார்கள். இப்போது அவன் ஒரு கட்சிக்கு டவுன் பிரமுகர், நெற்றியில் மூன்று விரல் அகலத்துக்கு விபூதி. என் கடைக்குப் பக்கத்தில் தையல் மிஷின் போட்டிருக்கிற கரீம் பாயிடம் புலம்பினேன். "அவரு தோள் துண்டு ஒண்ணுதான் முத்து, கட்சிக் கரையத்தான் நான் நாலு வாட்டி மாத்தித் தச்சிருக்கேன். ஒவ்வொரு வாட்டியும் பழைய ஊசி ஓட்டையிலயே தைக்கச் சொல்றாரு. ஒரு ஓட்டை வெளிய தெரியாது" என்கிறார் பாய். அவர் குரலிலும் ஒரு மரியாதை இருந்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை. இவன் மாறினால் வயசுக்கேற்ற பக்குவமாம். நான் என் ஆயுசில் ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நாள், கடை வாசலில் வேறு கட்சிக் கொடியைக் கட்டினதற்குத் தெருவே பச்சோந்தி என்றது. உன் அக்காள் அந்தக் கொடியை அவிழ்த்துக் கரித்துணியாக்கி விட்டாள்.

இப்படி இருக்கும்போது, திண்டிவனத்திலிருந்து வந்த குருக்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து என் சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்துக்கொண்டு வந்தேன். வரும் வழியில் பேச்சுவாக்கில், தலைவருக்கு இன்னும் தாலி கட்டின கல்யாணமே ஆகவில்லை என்பதைக் காதில் போட்டேன். பொய்யா சொன்னேன்? கமிட்டியில் குருக்கள் எடுத்துவிட்டார்: "அக்னி சாட்சியா மாங்கல்யம் ஏறாதவாளைத் தம்பதின்னு சொல்லி எப்படிச் சங்கல்பம் பண்றது?" எனக்கு உள்ளுக்குள்ளே பம்பை உடுக்கை எல்லாம் அடித்தது. சுந்தரமூர்த்தி அசையவே இல்லை மச்சான். "அவ்ளோதானே, இப்பக் கட்டிட்டாப் போச்சு. கொள்கையின்றது சட்டை மாதிரி அண்ணே, ஒடம்பு வளர வளர அளவு மாறத்தான் செய்யும்" என்று என்னைப் பார்த்தே சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டிவிட்டேன். அந்த வார்த்தை அவன் வாயில் வருகிறதே, என் வாயில் ஏன் வரவில்லை என்று வீடு வருகிற வரைக்கும் வயிறு எரிந்தது.

அன்று சாயங்காலமே மஞ்சள் கயிறு, கூறைப் புடவை எல்லாவற்றோடும் வீட்டுக்குப் போயிருக்கிறான். வேடிக்கை பார்க்க நானும் மங்கையும் போனோம். ரஞ்சிதம் முறத்தில் கடலையைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னாய்யா இது கயிறு?"

"திங்கக்கெழம முகூர்த்தம் ரஞ்சிதம். சின்னதா கட்டிக்கலாம்."

"யாரு கட்டிக்கறது?"

"நீதான்."

"அன்னிக்கு மேடையில இன்னா சொன்ன? ரஞ்சிதம், உன் சம்மதந்தான் நான் உனக்குக் கட்டற தாலின்னு சொன்னியா இல்லியா? எனக்குப் பதினேழு வயசு. ஒண்ணும் புரியல. நீ கூட்டம் கூட்டமாப் பேசினத எல்லாம் மொத வரிசையில குந்திக் கேட்டவ நான். அது புரியறதுக்கே எனக்கு இருவது வருசம் ஆச்சு. ரெண்டு பொண்ணுங்களுக்கும் அப்படித்தான் மாலை மாத்தி அனுப்பினேன். இப்ப நான் கயித்தக் கட்டிக்கினா, அதுங்க கண்ணாலம் கண்ணாலம் இல்லியா? சட்டமே செல்லும்னு சொல்லிடுச்சு, உங்க குருக்களுக்குச் செல்லலியா?"

மச்சான், அவன் கயிற்றை மறுபடியும் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் ஊரெல்லாம் பேசி மாற்றினவர்களில் ஒருத்தர்கூட அவனோடு இல்லை, எல்லோரும் அவனுக்கு முன்னாலேயே கரை மாற்றிக்கொண்டார்கள். மிச்சம் இருப்பது அவன் பெண்டாட்டி ஒருத்திதான். அவள்தான் இப்போது குறுக்கே நிற்கிறாள்.

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அவள் எங்கே மனசு மாறிவிடுவாளோ என்று பயந்து நானும் பேச ஆரம்பித்துவிட்டேன். "நீ சொல்றதுதான் சரி ரஞ்சிதம். ஆத்தாவுக்கு வேற வேல இல்லியா, உன் கழுத்துல கயிறு இருக்குதா இல்லியான்னா எட்டிப் பாத்துக்கினு இருக்கும்? தீயி சாட்சியாம் தீயி! அடுப்புலகூடத்தான் தெனம் தீயி எரியுது. புகை கண்ண எரிச்சதுதான் எங்க கண்ணாலத்துல நான் கண்ட பலன். மனசு ஒத்துப்போச்சுன்னா மந்திரம் எதுக்கு?" என்று சரமாரியாக வந்தது. வாசலில் கூட்டம் கூடிவிட்டது. மச்சான், முதல் தடவையாக என் பக்கம் திரும்பி நின்றார்கள்! ரஞ்சிதம், "மாமா, நீ இவ்ளோ பேசுவியா?" என்றாள். மங்கைகூட வாயில் விரலை வைத்துக்கொண்டு, கண் இமைக்காமல் கேட்டாள்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். சகலை உனக்குத் தந்தி கொடுப்பான். "தம்பி சொன்னாத்தான் அவ கேப்பா" என்று உன்னை வரவழைத்து ரஞ்சிதத்துக்குப் புத்தி சொல்லச் சொல்லுவான். நீ வராதே. லீவு இல்லை என்று சொல். குழந்தைக்கு அம்மை என்று சொல், அம்மன் மன்னிக்கும். திங்கட்கிழமைக்குள் அவள் கழுத்தில் கயிறு ஏறாவிட்டால் அவன் தலைவர் பதவியை விட்டுத்தான் ஆக வேண்டும், அடுத்த பேர் நான்தான் என்று கமிட்டியில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். கொள்கையில் உறுதியாக நிற்கிற பெண்ணை ஆம்பளைகள் சேர்ந்துகொண்டு மாற்றப் பார்ப்பது தர்மமில்லை என்று உன் மனசுக்குத் தெரியாதா? உங்கள் குடும்ப மானம் ரஞ்சிதத்தின் கையில்தான் இருக்கிறது.

உன் பிள்ளைகளுக்கு என் முத்தம். உன் சம்சாரத்துக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டில் கரண்டும் தண்ணீரும் தடையில்லாமல் வரட்டும், பால் பொங்கட்டும், பகை மட்டும் பொங்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு
என்றும் மாறாத
பச்சமுத்து

பின்குறிப்பு (30-5-86): தபால் பெட்டியில் போடுவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. ரஞ்சிதம் கடைசி வரைக்கும் மசியவில்லை. சகலை திங்கட்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்காமல் நேற்றே பதவியை விட்டுவிட்டான், கமிட்டி என்னைத் தலைவராக்கிவிட்டது. மாலை போட்ட கழுத்தோடு வீட்டுக்கு ஓடினேன். "மங்கை, அந்த அரக்குப் பட்டுப் பொடவைய எடுத்து வெய்யி, யாகசாலையில நாமதான் குந்தறோம்" என்றேன். உன் அக்காள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தீயி சாட்சின்னா அடுப்புல கூடத்தான் எரியுது, நான் அங்கயே குந்திக்கறேன். புகையில கண்ண எரிச்சிக்கறதுக்கு வேற ஆளப் பாருங்க" என்றாள். அது சகலையை மடக்கப் பேசினதுடீ என்று காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். "இருவத்தஞ்சு வருசத்துல நீங்க பேசி நல்லா இருந்தது அது ஒண்ணுதான், அதையும் பொய்யின்றீங்களா?" என்கிறாள். பெண்டாட்டி வராத தலைவருக்குப் பரிவட்டம் கிடையாதாம், குருக்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேறு வழி தெரியாமல் சுந்தரமூர்த்தி வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கோபமே படவில்லை, பெரிய மனுஷன். "கவலப்படாதீங்க அண்ணே, செவ்வாக்கெழம சாயங்காலம் உங்க வூட்டுக்கு வந்து அண்ணிகிட்ட பக்தியப் பத்தி ஒரு மணி நேரம் பேசறேன்" என்று ஒத்துக்கொண்டான். அவன் பேசினால் மங்கை திரும்பிவிடுவாள், சந்தேகமே இல்லை. அதனால் மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. செவ்வாய்க்கிழமை காலையிலேயே விழுப்புரம் வந்து செஞ்சி பஸ்ஸைப் பிடி. வந்ததும் ரஞ்சிதத்தைப் பனமலைக்கோ சீயமங்கலத்துக்கோ எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடு, நன்றாக இருட்டுகிற வரைக்கும் திரும்பி வராதே. மங்கையோடு அவளும் மனசு மாறிக் கயிறு கட்டிக்கொண்டால் பரிவட்டம் மறுபடி சகலைக்கே போய்விடும். அவன் பேச்சு அவள் காதில் மட்டும் விழவே கூடாது.