உங்கள் அத்தை அடுக்கிய பூமி

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் அத்தை சௌக்கியம், நான் இல்லை. நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நானே வைத்துக்கொள்கிறேன், விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். போனை எடுத்தாலே உங்கள் அத்தை "மாப்பிள்ளையா? இங்க குடுங்க" என்று பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். சொல்ல வேண்டியதே அவளைப் பற்றித்தான்.

தாதுப்பொருள் தேடுகிற கம்பெனிகள் வருஷா வருஷம் உங்கள் இலாகாவுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும், எங்கே துளை போட்டாய், எந்த ஆழத்தில் என்ன கல் வந்தது என்று. அதைச் சேகரிக்கிற பிரிவில்தான் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை நான் தெருவில் போகிறவரை நிறுத்திச் சொல்லியிருக்கிறேன். இந்த வருஷம் என் கம்பெனி சார்பில் ஊர்க் குன்றுக்குப் பின்னால் ஒரு துளை போட்டோம். மெஷின் குழாய்க்குள் கல் உருளை உருளையாக வரும். மேலே கிடைத்தது முதலில், ஆழத்தில் கிடைத்தது கடைசியில் என்று நீளப் பெட்டிகளில் வைத்து, நடுநடுவே ஆழம் எழுதிய மரக்கட்டையைச் செருகுவோம். அந்த வரிசைதான் எங்கள் பிழைப்பு, அது போனால் எல்லாம் வெறும் ஜல்லி. அன்றைக்கு மழை, நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. துளை போடுகிறவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, பெட்டிகளை லாரியில் ஏற்றி நம் வீட்டுக் கார் ஷெட்டில் இறக்கினார். உதவி செய்கிறேன் என்று நான் ஒரு பெட்டியைத் தூக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது, படுத்துவிட்டேன்.

நான் படுத்தால் உங்கள் அத்தைக்குக் கை பரபரக்கும். ஷெட்டைத் திறந்து பார்த்திருக்கிறாள். "வெள்ளைக்குப் பக்கத்துல கறுப்பு, கறுப்புக்குப் பக்கத்துல பச்சை, பாக்கவே சகிக்கல" என்று ஹோஸ் பைப்பைப் பிடித்து ஒவ்வொரு கல்லையும் கழுவி, துடைத்து, வெள்ளை எல்லாம் ஒரு பக்கம், அடுத்தது சாம்பல், அடுத்தது பச்சை, கடைசியில் கறுப்பு என்று அடுக்கிவிட்டாள். மரக்கட்டைகளைத் தூக்கிப்போட மனசு வராமல் ஒன்றை ஆடுகிற சாப்பாட்டு மேஜைக்கும் மீதியைப் பக்கத்து வீட்டு பீரோவுக்கும் முட்டுக் கொடுத்தாயிற்று. எனக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று மூச்சு விடவில்லை. எனக்கோ கணக்கு அனுப்பக் கடைசி நாள் வந்துவிட்டது. படுத்தபடியே துளைக்காரரைப் போனில் பிடித்து, ஷெட்டுக்குப் போய்ப் பெட்டியில் உள்ளதை வாசிக்கச் சொன்னேன்.

"சார், மேல வெள்ளை."

"அப்புறம்?"

"அப்புறமும் வெள்ளை சார். அதுக்கப்புறம் சாம்பல். ரொம்ப நீட்டா இருக்கு."

"கட்டை என்னய்யா சொல்லுது?"

"கட்டையே இல்ல சார்."

"இல்லாட்டி என்ன? மொத்த ஆழம் தெரியும், பெட்டிக்கு இவ்வளவுன்னு பங்கு போட்டுக்கலாம்" என்றேன் நான். காய்ச்சலும் இல்லை, சுயபுத்தியோடுதான் சொன்னேன். அனுப்பியும் விட்டேன்.

உங்கள் இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி அம்மா கூப்பிட்டார். குரல் தழுதழுக்கிறது. "சார், இவ்வளவு ஒழுங்கான பூமியை நாங்க பார்த்ததே இல்ல. வெள்ளை முழுசா முடிஞ்ச பிறகுதான் சாம்பல் ஆரம்பிக்குது! நாங்களே வந்து பக்கத்துல ஒரு துளை போட்டுப் பார்க்கப் போறோம்." இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன். கல் எல்லாம் பளபளவென்று சிரிக்கிறது. உங்கள் அத்தை கையில் துணியோடு, "எப்படி இருக்கு?" என்றாள். தேய்த்துத் தேய்த்து அவள் முழங்கை வீங்கியிருந்தது மாப்பிள்ளை. "ரொம்ப நல்லாயிருக்கு" என்றேன். வேறென்ன சொல்ல?

பயமாயிருக்கு மாப்பிள்ளை. பொய்க்கணக்கு குடுத்தான்னு லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்கன்னா, இந்த வயசுல எனக்கு யாரு இன்னொண்ணு தருவாங்க? பூமியில ஓட்டை போடறதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் தெரியாது. எப்படியாவது அந்தக் கணக்கை அங்கயே அமுக்கிடுங்க. மாமனாருக்கு மூளை கலங்கிடுச்சுன்னு வேணும்னாலும் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். ஆனா உங்க அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது. ஆசையா செஞ்சிருக்கா, மனசு உடைஞ்சிடும்.

நீங்களும் மகளும் சகல பாக்கியங்களோடும், வைத்த சாமான் வைத்த இடத்திலேயே இருக்கிற வீட்டில் நெடுங்காலம் வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
நிமிர முடியாத நிலையில்,
மாமனார்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தபால்தலையைத் தேடிக்கொண்டிருந்ததில் நாள் ஓடிவிட்டது, என் மேஜையையும் அடுக்கிவிட்டாள். அதற்குள் உங்கள் இலாகாக்காரர்கள் வந்து துளையும் போட்டுவிட்டார்கள். முதலில் வெள்ளை வந்தது. அப்புறமும் வெள்ளை. அப்புறம் சாம்பல், பச்சை, கடைசியில் கறுப்பு. துளைக்காரரைத் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். அன்றைக்கு மழையில் லாரி சறுக்கிப் பெட்டியெல்லாம் கவிழ்ந்ததாம், கைக்கு வந்த கல்லை வந்தபடி அள்ளிப் போட்டுக் கொண்டுவந்தாராம். "சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல சார்." ஆகவே உங்கள் அத்தை அடுக்கியதுதான் பூமியின் நிஜ வரிசை, கணக்கை அமுக்க வேண்டாம். லைசென்ஸ் பத்திரம். அதிகாரி அம்மா ஷெட்டைப் பார்த்துவிட்டு, "யார் இப்படி வகைப்படுத்தினது?" என்றார். உங்கள் அத்தை முன்னால் வந்து, "உங்க ஆபீஸ்ல கல்லையெல்லாம் எப்படிம்மா வெச்சிருக்கீங்க?" என்றாள். எனக்குப் பெருமையில் தடுக்கத் தோன்றவில்லை. உங்கள் இலாகாவின் கல் கிடங்கு முழுவதையும் அடுக்கித் தர ஒப்புக்கொண்டு இன்று காலை பஸ் ஏறிவிட்டாள். வேலை முடியும்வரை உங்கள் வீட்டில்தான் தங்கல். இந்தக் கடிதம் வருவதற்குள் அவள் வந்து சேர்ந்து, உங்கள் வீட்டையும் ஒரு கை பார்த்திருப்பாள். ஏதாவது காணோம் என்றால் பதறாதீர்கள். அது என்ன நிறம் என்று மட்டும் யோசியுங்கள்.