பச்சைக்கும் ஊதாவுக்கும் நான் செய்துவைத்த சமாதானம்

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம். தொட்டியில் மீன்களும் சௌக்கியம். அந்த இறால்கூடப் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுமாப்பிள்ளை மாதிரி திரிகிறது. மற்ற இருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆகையால் நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ வெளியூர்ப் பயிற்சிக்குக் கிளம்பி, வீட்டுச் சாவியையும் உன் உப்புத்தண்ணீர்த் தொட்டியையும் எங்கள் கையில் கொடுத்துவிட்டு லிப்டில் இறங்கினாய் அல்லவா, கதவைச் சாத்தியதுமே உன் அத்தையிடம், "பாத்துக்கிட்டே இரு, இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள ஒரு நாள் பெரிய கலவரம் வரப்போகுது" என்று சொன்னேன். மிக்ஸி ஓடியதால் காதில் விழவில்லை என்கிறாள். மிக்ஸி ஓடியதற்கு நான் என்ன செய்ய முடியும்?

நீ போனில் "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டபோதெல்லாம் "ஜம்முனு இருக்கு" என்றேன். பொய் இல்லை. ஜம்மென்று இருந்தது மீன்.

விஷயத்துக்கு வருகிறேன். "எதையும் தொடாதீங்க மாமா, தண்ணி குறைஞ்சா நல்ல தண்ணி மட்டும் ஊத்துங்க" என்று நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு மனப்பாடம். ஆனால் தினமும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பவனுக்குச் சில விஷயங்கள் கண்ணில் படாமல் போகுமா? இடது பக்கப் பாறையில் உன் பச்சைப் பவளம், விரல் விரலாக ஆட்டிக்கொண்டு. வலது பக்கம் உன் ஊதாப் பவளம், மூளை மாதிரி மடிப்பு மடிப்பாக. வண்ணமீன் கடைக்காரர் செத்துப்போச்சு என்று வாளியில் ஒதுக்கியதை நீ கேட்டு வாங்கிவந்து, கட்டைவிரல் அளவிலிருந்து வளர்த்து ஆளாக்கினாயே, அதேதான். நடுவில் மட்டும் ஒரு முழம் காலி மணல். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. இவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை! நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், இரண்டு சரக்குப் பெட்டிக்கு நடுவில் இடம் வீணாவதை என் கண் பொறுக்காது. அதற்கும் மேலே, சண்டைக்காரர்களைச் சேர்த்துவைப்பது என் பிறவிக் குணம். எந்த விருந்து என்றாலும் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேரைக் கண்டுபிடித்துப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிடுவேன். சாப்பாடு முடிவதற்குள் ஒருவருக்கொருவர் உப்பை நகர்த்திக் கொடுப்பார்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்காக வருஷக்கணக்கில் முறைத்துக்கொண்டிருந்த மேல்வீட்டுக்காரரையும் கீழ்வீட்டுக்காரரையும் ஒரே சாயங்காலத்தில் சமாதானப்படுத்தினேன். இதை உன் அத்தையிடம் நினைவூட்டினால், "ரெண்டு பேருமே வீட்டை வித்துட்டுப் போயிட்டாங்க, அதான் சத்தம் இல்ல" என்கிறாள். போனாலும் சண்டை தீர்ந்ததா இல்லையா?

ஆக, கையைக் கழுவித் தொட்டிக்குள் விட்டு, பச்சையைத் தூக்கி ஊதாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் படுகிற மாதிரி வைத்தேன். ஒரு துளி மணல் கலங்கவில்லை, அவ்வளவு பதமாக இறக்கினேன். பகல் முழுவதும் இருவரும் பூப்போல மலர்ந்து நின்றார்கள். நான் அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அழகாத்தான் இருக்கு, ஆனா அவ எதுக்குத் தள்ளி வெச்சா?" என்றாள். "அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்?" என்றேன். மன்னித்துக்கொள்.

தொட்டி விளக்கு அணைகிற நேரம் வந்தது. நான் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை, "ஏங்க, இங்க வாங்க, பச்சைக்குக் கை நீண்டுக்கிட்டே போகுது" என்று கத்தினாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். பகலில் விரலாக இருந்தது இப்போது நூல் நூலாக, என் கை நீளத்துக்கு, இல்லை, உன் மாமன் மிகைப்படுத்த மாட்டான், முழங்கை நீளத்துக்கு இழுத்துக்கொண்டு ஊதாவின் மேல் சவுக்கு மாதிரி வீசுகிறது! ஊதா மட்டும் என்ன சாதுவா? அது தன் வயிற்றுக்குள் இருக்கிறதை வெள்ளை வெள்ளையாக வெளியே தள்ளிப் பச்சையின் ஓரத்தைக் கரைக்கப் பார்க்கிறது. குடும்பச் சண்டையில் குடலை உருவுவேன் என்று மிரட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தன் குடலைத் தானே உருவிச் சண்டைக்கு வருகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். அங்கேதான் எனக்குக் குழம்பிப்போயிற்று, மருமகளே. முதலில் கையை நீட்டியது யார், வயிற்றை நீட்டியது யார்? இருவருக்கும் கண் இல்லை, காது இல்லை, பக்கத்தில் ஆள் இருப்பது எப்படித் தெரிகிறது? தெரிந்தாலும் இப்படியா? வாய் இருந்தாலாவது பேசிப் பார்க்கலாம். வாய் இருக்கிறது என்கிறாள் அத்தை, ஆனால் அது சாப்பிட மட்டுமாம்.

தண்ணீர் ஓட்டம்தான் நூலைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று முடிவு செய்து அலை மோட்டாரை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்தன. "இப்ப மீனையும் சமாதானம் பண்ணப் போறீங்களா?" என்று அத்தையே மோட்டாரைப் போட்டாள். அடுத்து நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை நட்டு எல்லைச் சுவர் எழுப்பினேன். அலை அதைச் சாய்த்து ஊதாவின் தலைமேலேயே போட்டது. ஸ்கேலை எடுக்கப்போன இடத்தில் பச்சை என் மணிக்கட்டில் ஒரு போடு போட்டது பார், நெருப்பில் வைத்த மாதிரி. "நடுவுல போனா நாட்டாமைக்கும் ரெண்டு விழத்தான் செய்யும்" என்று சொல்லிக்கொண்டே அத்தை பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை நன்றாக அலசித் தன் கையில் மாட்டினாள். பச்சையைத் தூக்கிப் பழைய பாறையிலேயே வைத்தாள். யோசனை என்னுடையது.

காலையில் பார்த்தால் ஊதாவின் ஒரு பக்கம் வெளுத்து, சதை போய் எலும்பு தெரிந்தது. நான் உடனே வண்ணமீன் கடைக்காரரை வரவழைத்துவிட்டேன். மனிதர் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வைத்து ஊதாவை மடிப்பு மடிப்பாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஐயா, நீங்க மட்டும் அந்த நேரத்துல பிரிச்சு வெக்கலேன்னா இது மிஞ்சியிருக்காது. பயப்படாதீங்க, கண்டிப்பாப் பொழைச்சுக்கும். பாப்பாகிட்டயும் சொல்லிடுங்க" என்றார். அத்தை போட்ட காப்பியில் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார். ஆகவே நீ கவலைப்படாமல் பயிற்சியைக் கவனி. ஊதா பிழைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்.

அத்தை உன்னை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். பெரிய உத்தியோகத்தில் உட்கார்ந்து, யாரோடும் மனஸ்தாபம் இல்லாமல், எல்லோரிடமும் ஒரு முழம் தள்ளியே நின்று, நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் உன் நன்மையை நாடும்
மாமா

பி.கு.: கவரை ஒட்டப்போனேன், அத்தை வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் அப்படியே ஒட்டியிருப்பேன். கடைக்காரர் வரவில்லை. பிழைத்துக்கொள்ளும் என்று சொன்னது நான்தான். இரண்டாவது காப்பியும் நான் குடித்ததுதான். கடை வாசல் வரைக்கும் போனேன், உண்மை. உள்ளே அவர் யாரிடமோ, "அறிவிருக்கா, யாரு இதைப் பக்கத்துல கொண்டுபோய் வெச்சது?" என்று கத்திக்கொண்டிருந்தார். அது வேறு யார் வீட்டுத் தொட்டியோ. நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன். ஊதாவின் வெளுத்த பக்கம் வெளுத்தபடியே இருக்கிறது. மற்ற பக்கம் இன்று காலையிலிருந்து உப்பிக்கொண்டு நிற்கிறது. உப்பினால் பிழைக்கப்போகிறது என்று அர்த்தமா, போகப்போகிறது என்று அர்த்தமா? எனக்குத் தெரியவில்லை, மருமகளே. கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு. நான் எடுத்தால் மறுபடியும் ஜம்மென்று இருக்கிறது என்பேன், நம்பாதே. அத்தையிடம் கொடுக்கச் சொல்.