பாதி மனசு

“வேலையை விட்டுட்டுப் போறீங்களாமே?” என்று மேலாளர் கேட்டபோது, பொத்தான்காரரின் உதடுகளுக்கிடையே ஓர் ஊசியும் நான்கு பொத்தான்களும் இருந்தன. உடனே மறுக்க முடியவில்லை. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதற்குள், யோசித்துப் பதில் சொல்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

அது பெரிய சலவை நிலையம். வெளுக்க வரும் சட்டைகளில் அறுந்துபோன பொத்தான்களைத் தைப்பது பதினோரு வருடமாக அவர் வேலை. இதை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது. மகளுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. வீட்டில் சம்பாதிக்கிறவரும் அவர் ஒருவர்தான்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மகளின் பாடப் புத்தகத்தில் ‘ஹாஃப் எ மைண்ட்’ என்று ஒன்றைப் பார்த்தார். ஒரு காரியத்தைச் செய்துவிடலாமா என்று பாதி மனசு இருந்தால் இங்கிலீஷ்காரர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று மகள் விளக்கினாள். மிரட்டின மாதிரியும் ஆச்சு, செய்யவும் வேண்டாம். அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மறுநாள் சாப்பாட்டு வேளையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “ஐ ஹேவ் ஹாஃப் எ மைண்ட் டு ரிசைன்” என்று எடுத்துவிட்டார். பக்கத்தில் இருந்தது இஸ்திரி போடுகிற அம்மா மட்டும்தான்.

“சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது சார்,” என்றார் இப்போது.

மேலாளர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஜிப் மாற்றுகிறவர் ஏற்கனவே நின்றுவிட்டார், நீங்களும் போனால் நான் என்ன செய்வேன் என்று பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைத் தாங்க முடியாமல், ஜிப்பையும் தானே பார்த்துக்கொள்வதாகப் பொத்தான்காரர் ஒப்புக்கொண்டார்.

இரண்டு நாளில் மேலாளர் மறுபடி வந்து நின்றார். இவ்வளவு வேலையை முகம் சுளிக்காமல் செய்கிறவர் வேறெங்கோ சொல்லி வைத்திருக்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகமாம். சந்தேகத்தைத் தீர்த்து வைத்ததில் கறை எடுக்கும் வேலையும் பொத்தான்காரர் தலையில் விழுந்தது.

போகவே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றாள் மனைவி. எழுதிக் கொடுத்தார். மேலாளர் அதை இரண்டு தரம் படித்தார்.

“போற எண்ணமே இல்லாதவர் எதுக்குங்க இதை எழுதணும்?”

ஞாயிற்றுக்கிழமையும் வருகிறேன் என்று பொத்தான்காரர் சொன்ன பிறகுதான் மேலாளர் முகம் தெளிந்தது.

மூன்றாவது வாரம், தூக்கக் கலக்கத்தில் யாருடைய சட்டைக் கையிலோ ஜிப் வைத்துத் தைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன்னைப் போட்டுக்கொடுத்தவரை இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இஸ்திரி மேசைக்கு நேராகப் போனார்.

“ஏம்மா, ஏதோ வாய்க்கு வந்ததச் சொன்னேன். அதைப் போய் மேனேஜர் காதுல போட்டுட்டீங்களே, நியாயமா?”

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

“நீங்க என்ன சொன்னீங்கன்னு எனக்கே புரியல, நான் எங்கே போய்ச் சொல்றது? ஆள் குறைஞ்சா ‘போறீங்களாமே’ன்னு யாரையாவது கேக்கறது அவர் வழக்கம்ணே, போன வருஷம் என்னைக் கேட்டாரு, அப்ப என் தலையில விழுந்ததுதான் இந்த ரெண்டாவது மேசை.”