நஷ்டஈட்டுக்காரர் குரு தேடிய வாரம்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து நஷ்டஈட்டுக்காரர் லிஃப்டில் மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டிருந்தார். இது ஏழாவது முறை.

"சார், உங்களுக்கு எந்த மாடி?" என்று பட்டனை அழுத்தப் போன பெண் கேட்டாள்.

"எனக்கு... எந்த மாடியும் இல்ல. சும்மாதான்."

அவள் இரண்டாவது மாடியிலேயே இறங்கிக்கொண்டாள். அவளுக்கு வேலை ஐந்தாவது மாடியில்.

அது ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனம். லாரியில் போன சாமான் வழியில் உடைந்தாலோ நனைந்தாலோ, வாடிக்கையாளர் போட்டோவும் கையுமாகச் சண்டைக்கு வருவார். அந்தச் சண்டைகளை எல்லாம் வாங்கிக்கொள்ளும் மேஜைக்குச் சொந்தக்காரர் என்பதால் இவருக்கு ஆபீசில் நஷ்டஈட்டுக்காரர் என்றே பெயர். மனிதர் கெட்டிக்காரர். உடைந்த பீரோ கண்ணாடியின் போட்டோவை அரை நிமிஷம் பார்ப்பார். "இது லாரியில உடையலீங்க. வீட்டுக்குள்ள தூக்கிட்டுப் போறப்ப நிலைப்படியில இடிச்சிருக்கீங்க" என்பார். எதிரே இருப்பவர் திருதிருவென்று விழிப்பார். இந்த வித்தையைப் பதினேழு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் வருத்தம்.

போன மாதம் பிரிவுத் தலைவர் வேலையை விட்டுப் போனார். அந்த இடத்துக்கு யார் என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாக எம்.டி. அறிவித்திருந்தார். எம்.டி.யும் புதியவர். பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

இந்த நேரம் பார்த்து ஞாயிற்றுக்கிழமை சகலை வந்து சேர்ந்தார். அவர் ஏதோ ஒரு கம்பெனியில் மண்டல மேலாளர். சமீபத்தில் ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்திருந்தார். அதிலிருந்து அவரை யாரும் கையில் பிடிக்க முடியவில்லை.

"திறமையால மேல வந்தவன் எவன் சகலை? கை தூக்கிவிட ஒரு ஆள் வேணும். மென்டார்!"

"அப்படின்னா?"

"குரு மாதிரி. ஆனா காலையெல்லாம் அமுக்க வேண்டாம். உச்சியில இருக்கிற ஆளாப் பாத்துப் பிடிக்கணும். உங்க எம்.டி.யையே பிடிங்க."

"சரி, நாளைக்கே போய்க் கேட்டுடறேன்."

சகலை காதைப் பொத்திக்கொண்டார். "கெட்டுது போங்க! நேராப் போய்க் கேக்கறதாவது? பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்ககிட்ட 'என்னைக் கட்டிக்கறீங்களா'ன்னு கேப்பீங்களா? தற்செயலாச் சந்திக்கணும். லிஃப்ட்ல நாற்பது செகண்டு கிடைச்சாப் போதும்."

சகலையே வசனமும் எழுதிக் கொடுத்தார். 'சார், உங்க வளர்ச்சியைப் பாத்து நான் பல வருஷமா வியந்துக்கிட்டிருக்கேன்.' எம்.டி. வந்தே இரண்டு மாதம்தான் என்றதும், 'பல வருஷமா' என்பதை அடித்துவிட்டு 'எட்டு வாரமா' என்று திருத்தினார்.

ஆக, திங்கட்கிழமை லிஃப்ட். பத்தரை மணி வரை எட்டு வார வியப்பை வாயில் அடக்கிக்கொண்டு நின்று பார்த்துவிட்டு, வாசல் காவலரிடம் போய்க் கேட்டார்.

"எம்.டி.யா? அவர் லிஃப்ட்ல ஏறவே மாட்டாரே சார். படிக்கட்டுதான். தொப்பையக் குறைக்கிறாராம்."

செவ்வாய்க்கிழமை படிக்கட்டு. முதல் மாடித் திருப்பத்தில், சுவரோடு ஒட்டி நின்றார். கீழிருந்து கனமான காலடிச் சத்தம் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. தொப்பை என்று காவலர் சொன்னது நினைவுக்கு வர, இவர் கண்ணை மூடிக்கொண்டு குபீரென்று முன்னால் பாய்ந்தார்.

"சார், உங்க வளர்ச்சியைப் பாத்து..."

"ஐயோ!" என்று அலறியவர் தண்ணீர் கேன் போடும் ஆள். தோளிலிருந்த கேன் நழுவி, மூடி தெறித்து, இருபது லிட்டரும் நஷ்டஈட்டுப் பிரிவின் கோப்பு அறைக்குள் போய்ச் சேர்ந்தது.

நனைந்த கோப்புகளை மின்விசிறியின் கீழ் பரப்பி வைப்பதிலேயே பொழுது போயிற்று. தண்ணீரால் வந்த சேதத்துக்கு அறிக்கை எழுதி நஷ்டஈட்டுப் பிரிவில் கொடுக்க வேண்டும் என்பது விதி. இவரே எழுதி, இவரே வாங்கி, இவரே விசாரித்தார். பழக்க தோஷம், தப்பு இவர் மேல்தான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

பக்கத்து சீட்டுக்காரர் இதையெல்லாம் பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக அந்தப் பிரிவில் இருக்கிறார். எந்தப் படிவம் எதற்கு என்று கேட்டால், "அவரு பாத்துப்பாரு" என்று இவரைக் கை காட்டுவதுதான் அவர் வேலை.

"காலைல நான் இல்லாதப்ப யாராவது தேடினாங்களா?" என்று நஷ்டஈட்டுக்காரர் கேட்டார்.

"சேச்சே, உங்களை யாரு தேடப்போறா? நீங்க பாட்டுக்கு நிம்மதியாப் போயிட்டு வாங்க. சீட்டை நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு நல்ல மனுஷன் என்று இவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

அன்று ராத்திரி சகலைக்குப் போன் போட்டார். "தண்ணி கேனுக்கெல்லாம் பயந்தா முடியுமா? காரை விட்டு இறங்கற இடத்துல பிடிங்க" என்றார் சகலை.

புதன்கிழமை கார் நிறுத்தும் இடம். தற்செயலாகச் சந்திப்பது போல இருக்க வேண்டுமே என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒவ்வொரு கார் வரும்போதும் தலையை மட்டும் நீட்டினார். கால் மணி நேரத்தில் இரண்டு காவலர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள்.

"இங்க என்ன சார் பண்றீங்க?"

"தற்செயலா நின்னுக்கிட்டிருக்கேன்."

பதிவேட்டில் 'சந்தேகத்துக்கு இடமான முறையில் நின்றார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். எம்.டி. எட்டே முக்காலுக்கே வந்து மேலே போய்விட்டார் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

வியாழக்கிழமை இவர் யாரையும் தேடிப் போகவில்லை. தைரியம் வரட்டும் என்று ஒன்பது மணிக்குத் தன் மாடிக் கழிவறையிலேயே நின்று, கண்ணாடியைப் பார்த்து வசனத்தைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். பதினோராவது தடவை வியந்தபோது கதவு திறந்தது. எம்.டி.!

இவர் சட்டென்று கை கழுவுவது போலச் சோப்பை எடுத்துத் தேய்த்தார். எம்.டி.யும் ஒரு நிமிஷம் தயங்கினார். குழாயைத் திறந்தார், மூடினார்.

"நீங்க... நஷ்டஈட்டுப் பிரிவுதானே? உங்களை சீட்டுல பாக்கவே முடியறதில்லையே."

இவர் இன்னும் வேகமாகச் சோப்பைத் தேய்த்தார்.

"அது ஒண்ணுமில்ல, உங்ககிட்ட ஒரு விஷயம்..." என்று எம்.டி. ஆரம்பித்தார்.

"இனிமே இப்படி நடக்காது சார்!" என்று கத்திவிட்டு, சோப்பு நுரை சொட்டச் சொட்ட வெளியே ஓடிவிட்டார் நஷ்டஈட்டுக்காரர்.

"சூப்பர் சகலை! உங்களைக் கவனிச்சுட்டாரு!" என்று அன்று மாலை போனில் குதித்தார் சகலை. "அடுத்த கட்டம் என்னன்னா..."

மனைவி போனைப் பிடுங்கினாள். அவள் பல் மருத்துவரின் வரவேற்பறையில் வேலை பார்ப்பவள். "போதும் அத்தான். கட்டமும் வேண்டாம் வட்டமும் வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு கணவனுக்கு நேரே வந்து உட்கார்ந்தாள்.

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் எங்க டாக்டர் முன்னாடி வாயைத் திறக்கறாங்க. நம்ம வீட்ல நீங்க ஒருத்தர் பதினேழு வருஷமாத் திறக்க மாட்டேங்கறீங்க. ஏங்க?"

"பயமா இருக்கு" என்றார் அவர். "கேட்டு இல்லேன்னுட்டா? கேக்காம இருந்தா, கேக்காததாலதான் கிடைக்கலன்னாவது இருக்கும்."

அவளுக்குக் கோபம் போய்விட்டது. மகளின் பள்ளிப் படிவத்தில் 'தந்தையின் பதவி' என்ற இடத்தில் அவர் ஒவ்வொரு வருஷமும் அதே வார்த்தையை, போன வருஷத்தைவிடச் சின்ன எழுத்தில் எழுதுவதை அவள் பார்த்திருக்கிறாள். அதை நினைத்தால் அவளுக்கு அழுகை வரும்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு நேரா அவர் ரூமுக்குப் போங்க. தூணும் வேண்டாம், குழாயும் வேண்டாம். எனக்கு நாலு விஷயம் சொல்லிக் குடுங்க சார்னு கேளுங்க. அவ்வளவுதான்."

வெள்ளிக்கிழமை எட்டு ஐம்பத்தைந்துக்கு அவர் ஐந்தாவது மாடியில் எம்.டி. அறை வாசலில் நின்றார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. வசனத்தை வீட்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். கதவைத் தட்டினார். பதில் இல்லை. வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது, ஒன்பதரை, பத்து. பயம் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆனால் எழுந்து போகவில்லை. பதினேழு வருஷத்தில் அவர் செய்த முதல் வீரச்செயல் அதுதான்.

பத்தேகாலுக்கு, எம்.டி.க்கு டீ கொண்டுபோகும் அம்மாள் காலி டம்ளர்களோடு மாடியேறி வந்தாள். இவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"நீங்க இங்கயா இருக்கீங்க சார்?"

"எம்.டி.யைப் பாக்கணும்மா. எத்தனை நேரமானாலும் சரி. அவர்கிட்ட நாலு விஷயம் கத்துக்கணும், எனக்குக் குருவா இருங்கன்னு கேக்கப்போறேன்." சொல்லியே விட்டார். குரல் நடுங்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அவரு கீழ உங்க பிரிவுல இருக்காரு சார். பக்கத்து சீட்டுக்காரருக்குப் பிரிவுத் தலைவர் பதவி ஆர்டரைக் குடுத்துட்டாரு. எல்லாரும் கை தட்டி, டீயும் குடிச்சாச்சு."

நஷ்டஈட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்கா? அவருக்கு எந்தப் படிவம் எதுக்குன்னே தெரியாதேம்மா!"

"அது எனக்கே தெரியும் சார். ஆனா தினமும் சீட்டுல இருந்தது அவருதானே" என்றாள் அந்த அம்மாள், டம்ளர்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டு. "எம்.டி. சாருக்கு இந்தத் தொழில்ல ஒண்ணும் புரியல, உங்ககிட்டதான் கத்துக்கணும்னு அஞ்சு நாளா உங்க சீட்டுக்கே வந்து நின்னாரு; நேராக் கூப்பிட்டுக் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு, தினமும் தற்செயலா வந்த மாதிரி!"